இறால் ஓட்டுப் படலம்

எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, மேடம். ஒரு துண்டு தின்றாலும் முகம் வீங்கிவிடும். கடலூரில் இத்தனை வருஷம் டாக்டராக இருந்துகொண்டு இறால் வாசமே ஆகாதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆகவே என் வீட்டு மாடிக்கு இறால் ஓடு சாக்குச் சாக்காக வந்தது தின்பதற்காக அல்ல. உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் இதைப் பற்றி என் மனைவியைத் துருவித் துருவிக் கேட்டார்களாம். பாவம், அவளுக்குத் தெரிந்ததெல்லாம், "வீடு பூரா கவிச்சி அடிக்குது" என்பது மட்டும்தான்.

விஷயம் எளிது. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்து மூடினால், உள்ளே புண்பட்ட இடங்கள் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குடல் போய் வயிற்றுச் சுவரில் ஒட்டும். சிலருக்கு அது தெரியவே தெரியாது. சிலருக்கு வருஷக்கணக்கில் வலி. சிலருக்குக் குடல் மடங்கி அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். இதைத் தடுக்க, மூடுவதற்கு முன் இடையில் ஒரு மெல்லிய படலத்தை வைக்கலாம். புண் ஆறும்வரை பிரித்துவைத்துவிட்டுப் பிறகு அதுவே கரைந்துபோகும். வெளிநாட்டுச் சரக்கு கிடைக்கிறது. ஆனால் ஈரக் கையுறையில் பட்டால் கையோடு வந்துவிடும். ஒட்டாமலிருக்க வைக்கும் பொருள் என் விரலில் ஒட்டிக்கொண்டு தொங்குவதைப் பார்த்து, தியேட்டர் நர்ஸ் நித்யா மேரி ஒருமுறை சிரித்துவிட்டாள்.

இறால் ஓட்டிலிருந்து ஒரு மாவை எடுத்துக் கரைத்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தால், அப்பளத்தைவிட மெல்லிதாக உரிந்து வரும். அது என் படலம். முதலில் முயலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. விசாரித்தேன். முயலைத் தொட ஒரு கமிட்டியின் அனுமதி வேண்டுமாம். பெண்பிள்ளைகள் வயிற்றைத் திறக்க வீட்டுக்காரர் கையெழுத்து போதும். நான் விதியை மீறவில்லை, முயலைத் தொடவே இல்லை.

திருப்பாதிரிப்புலியூரில் உள்ள என் நர்சிங் ஹோமில் நாலைந்து பேருக்கு வைத்தேன். யாரும் வலி என்று திரும்பி வரவில்லை. சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் அதைப் பேசினேன். பேசி முடித்ததும், முன்வரிசையில் இருந்த ஒரு மூத்த சர்ஜன் மைக்கை வாங்கினார்.

"எல்லாம் சரிதான் செந்தமிழ்செல்வன். ஒட்டலைன்னு எப்பிடிச் சொல்றீங்க? தொறந்து பாத்தீங்களா?"

மண்டபமே சிரித்தது. மதியச் சாப்பாட்டில் கத்தரிக்காய்க் கொத்சு நன்றாக இருந்தது என்றார்கள். நான் சாப்பிடவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறேன்.

சவரிமேரி அந்தச் சமயத்தில்தான் வந்தார். முதுநகரில் தையல்கடை வைத்திருந்தார். வீட்டுக்காரர் லூர்துநாதன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துத்தான் ஆக வேண்டும். அது உண்மையான நோய், உண்மையான ஆபரேஷன். நன்றாகவே செய்தேன். மூடுவதற்கு முன் வலது பக்கம் படலம் வைத்தேன். இடது பக்கத்தைச் சும்மா விட்டேன். ஒரே வயிற்றில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை.

சில மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வரச் சொன்னேன்.

"வலி ஏதும் இருக்கா?"

"இல்ல டாக்டர். நல்லாத்தான் இருக்கேன். மெஷின்ல கூட உக்காந்துட்டேன்."

"இங்க?" அழுத்தினேன்.

"இல்ல."

இன்னும் அழுத்தினேன்.

"அவ்ளோ அழுத்துனா யாருக்கும் வலிக்கும் டாக்டர்," என்று சிரித்தார்.

"அந்த வலியைத்தான் சொல்றேன்," என்றேன்.

உள்ளே ஏதோ ஒட்டியிருக்கிறது, திறந்து பார்த்துவிடுவது நல்லது, காசு வேண்டாம் என்றேன். லூர்துநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல யாரு டாக்டர் இப்பிடிச் செய்வா? ஞாயித்துக்கிழம ஒங்களுக்காகப் பூசைக்குக் கருத்துக் குடுக்கறோம்," என்றார். எனக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லிச் சாமியாரிடம் பேர் கொடுத்தும் இருக்கிறார்கள். கோயிலில் என் பெயரை வாசித்ததாக நித்யா மேரிதான் வந்து சொன்னாள். அவளும் அதே சர்ச்சுப் பங்குக்காரி.

தியேட்டரில் அவள் மெல்லக் கேட்டாள். "சார், அந்த அக்காவுக்கு ஒண்ணும் இல்லியே. எதுக்கு சார் தொறக்கறோம்?"

"ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான்."

திறந்தேன். வலது பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. விரலை விட்டால் குடல் நழுவி ஓடியது. இடது பக்கம் ஒட்டிக் கிடந்தது. மேடம், என் கல்யாணத்தன்று கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. போட்டோ எடுத்துக்கொண்டேன். ஒட்டியிருப்பதாக அவரிடம் நான் சொன்னதும் பொய்யில்லாமல் போயிற்று. அது மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

ஒட்டியதை எல்லாம் பிரித்துவிட்டு மூடியிருக்கலாம். ஆனால் அந்தச் சிதம்பரத்துக் குரல் காதில் கேட்டது. இந்தப் பெண்ணுக்கு இடது பக்கம் இயல்பாகவே ஒட்டும் வாகாக இருந்தால்? ஆகவே மாற்றி வைத்தேன். ஒட்டியதைப் பிரித்துவிட்டு இடது பக்கம் படலம், வலது பக்கம் வெறுமை. வலது பக்கத்தில் புண் ஏதும் இல்லாததால் அங்கே கொஞ்சம் சுரண்டிவிட்டேன். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் சமமாக இருக்க வேண்டும் அல்லவா?

அடுத்த கூட்டத்தில் போட்டோக்களைத் திரையில் போட்டேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்த மூத்த சர்ஜனே பொன்னாடை போர்த்தினார். "அடுத்த வருஷம் மாத்தி வச்சதையும் கொண்டாங்க," என்றார். மண்டபம் நிறைய டாக்டர்கள். இரண்டாவது தடவை திறந்தபோது அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் எதையும் மறைக்கிறவன் இல்லை.

சேத்தியாத்தோப்புத் தங்கம்மாள் போல இன்னும் சிலரையும் அப்படித் திறந்து பார்த்தேன். யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. அவர்கள் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். சவரிமேரியைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள், அதற்கு வருகிறேன்.

மூன்றாவது தடவை அவரை நான் கூப்பிடவில்லை. வாந்தியும் வயிற்று உப்பசமுமாக லூர்துநாதன் வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். தொட்டதும் தெரிந்துவிட்டது, குடல் அடைத்திருக்கிறது. இந்த முறை காரணம் தேட வேண்டியதில்லை என்று எனக்கு ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

நித்யா மேரி, "இப்பவே தொறந்துடலாம் சார்," என்றாள்.

கேமரா ரிப்பேருக்காகப் பாண்டிச்சேரி போயிருந்தது. மறுநாள் மதியம் வந்துவிடும் என்றார்கள். அதுவரை குளுகோஸ் ஏற்றச் சொன்னேன்.

"எதுக்கு டாக்டர் லேட்டாவுது?" என்று லூர்துநாதன் கேட்டார்.

"ஒரு சாமான் வரணும்," என்றேன். அவர் அதை மருந்து என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் திறந்தபோது வலது பக்கம் குடல் மொத்தமாக ஒட்டி, மடங்கி, கறுத்திருந்தது. பிரிக்கும்போது கிழிந்தது. தைக்கத் தைக்கக் கிழிந்தது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் திருநாவுக்கரசு, "பிரஷர் எறங்குது, மூடுங்க," என்றார்.

"ஒரே நிமிஷம். இடது பக்கத்தப் பாத்துட்டு மூடிடறேன்."

"இடது பக்கத்துல என்ன இருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் நித்யா மேரி கேமராவைத் தூக்கி வெளியே கொண்டுபோய்விட்டாள். மூடிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே போய்ச் சாயங்காலம் இறந்துபோனார்.

அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில், கூடப் போயிருந்த என் இரண்டு கையையும் லூர்துநாதன் பிடித்துக்கொண்டார். "ஒங்களால முடிஞ்சதயெல்லாம் செஞ்சீங்க டாக்டர்." நான் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற நித்யா மேரி அவர் கையைப் பிடித்து என் கையிலிருந்து எடுத்தாள். "அண்ணே, கொஞ்சம் இப்பிடி வாங்க, ஒண்ணு சொல்லணும்," என்று கூட்டிக்கொண்டு போனாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆராய்ச்சி என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தேவையில்லாமல் திறந்தது நான். சுரண்டியது நான். கேமராவுக்காகக் காத்திருந்தது நான். சவரிமேரி அதனால்தான் இறந்தார். ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுத வேண்டும். குடல் கிழிந்தது படலம் வைக்காத பக்கத்தில். படலத்தின்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இடது பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. பிரேதப் பரிசோதனை செய்தவர் பார்த்திருப்பார். அங்கே குடல் ஒட்டாமல் நழுவியதா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள், மேடம். நல்லபடியாக இருந்திருந்தால் லூர்துநாதனிடமும் சொல்லிவிடுங்கள். அவருக்கும் ஓர் ஆறுதலாக இருக்கும்.