படிக்கட்டுக்கு மூன்று கோட்டிங்

கடையில் போய் "வெள்ளை பெயிண்ட் கொடுங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், சார். வெள்ளையிலேயே பதினேழு வகை இருக்கிறது. அட்டையில் விரலை வைத்துக் காட்டிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிச் சுவர் நிறத்தைத் தலையில் கட்டிவிடுவார்கள். நான் எப்போதும் முட்டையோட்டு வெள்ளைதான் வாங்குவேன்.

எழுதிக்கொள்கிறீர்களா? நல்லது. நிதானமாகவே சொல்கிறேன், ஒளிக்க ஒன்றும் இல்லை.

பழைய சாமான் கடையில் யாரும் சீண்டாத பொருளாகப் பார்த்து வாங்குவேன். கால் ஆடும் முக்காலி, வாய் உடைந்த பூச்சாடி, ரசம் போன கண்ணாடி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து, அதன்மேல் முட்டையோட்டு வெள்ளை. பிறகு ஜன்னலோரம் வைத்துப் படம் பிடித்து, 'பழசுக்குப் புது உயிர்' என்ற என் பக்கத்தில் போடுவேன். பார்க்க மூவாயிரம் பேர் இருக்கிறார்கள். என் கல்யாணத்துக்கே முந்நூறு பேர்தான் வந்தார்கள். அதிலும் பாதிப் பேர் சாப்பாட்டைக் குறை சொன்னார்கள்.

வீட்டில் நானும் அண்ணியும்தான். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. கணவருக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒரு முறை வருவார். அண்ணிக்கு ஐந்து வருடமாகப் பார்வை மங்கல். எழுத்து தெரியாது, முகம் தெரியாது, பளிச்சென்ற நிறம் மட்டும் தெரியும். கண் டாக்டர் என்னையும் உட்கார வைத்துத்தான் சொன்னார். "வெளிர் சுவருக்குப் பக்கத்துல அடர்த்தியான கலர் இருக்கணும்மா. அத வெச்சுத்தான் அவங்க நடப்பாங்க." அதன்படி குளியலறைக் கதவு நீலம், அண்ணியின் நாற்காலி சிவப்பு, மாடிப்படி பதினாலிலும் விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு மஞ்சள் கோடு. கோட்டை என் கணவரே படிபடியாக உட்கார்ந்து அடித்தார். "அக்காவுக்குக் கலர்தான் கண்ணு. இத மட்டும் தொட்டுடாத" என்றார். நான் ஏன் தொடப்போகிறேன் என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணிமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். நான் வெள்ளையடித்த சாடியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இருக்கறதையெல்லாம் சுண்ணாம்புல முக்கி எடுத்துட்டியா? அடுத்து நான்தானா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பழைய சாமான் கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு ஒரு மாதம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வினை அங்கேதான் வந்தது. பழகிய கை சும்மா இருக்குமா, சார்? மூவாயிரம் பேர் வேறு காத்திருக்கிறார்கள். முதலில் சிவப்பு நாற்காலியை எடுத்து வெள்ளையடித்தேன். அண்ணி அதில் உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்தார். இடுப்பில் நல்ல அடி. ஒரு வாரம் தைலம் தேய்த்துவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து நீலக் கதவு. அண்ணி சுவரைத் தட்டித் தட்டிக் கதவைத் தேடுவார். சில நாள் நேரத்துக்குக் கிடைக்காது. தரையைத் துடைத்தவள் நான்தான், முகம் சுளிக்கவில்லை. கதவின் படத்துக்கு நானூறு லைக் வந்தது.

"எம் பார்வை இன்னும் மோசமாயிடுச்சு போலிருக்கே" என்று அண்ணி பயந்தார்.

"வயசாகுதில்ல, அண்ணி" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. தம்பியிடம் சொல்லட்டுமா என்று கேட்டார். வேலை செய்கிற மனிதருக்குக் கவலை எதற்கு என்று தடுத்துவிட்டேன்.

படிக்கட்டைச் சத்தியமாகத் தொட்டிருக்க மாட்டேன். கூடத்தைப் படம் பிடித்துப் போட்டபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதினாள்: 'எல்லாம் அழகு. அந்த மஞ்சள் கோடுதான் கண்ணை உறுத்துது.' நானூறு பேர் ஆகா ஓகோ என்றதெல்லாம் மறந்துபோயிற்று. சோறு இறங்கவில்லை. படி ஏறும்போதெல்லாம் பதினாலு கோடும் என்னைப் பார்த்துப் பல்லிளித்தன.

மஞ்சளை மறைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு கோட்டிங் அடித்தால் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு நாள் காய வேண்டும். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்பார்கள், பெயிண்டுக்கும் அதுதான். தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று கேட்டீர்கள். மூன்று நாள், சார். தினமும் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. யோசித்துத்தான் அடுத்த கோட்டிங்கை அடித்தேன்.

ஈரத்தில் கால் வைத்துக் கெடுத்துவிடக் கூடாதே என்று மேல்படிக்குக் குறுக்கே கயிறு கட்டினேன். அந்த மூன்று நாளும் அண்ணி மாடியிலேயே இருந்தார். ஈரம் படாமல் உள்ளே தள்ளிக் கால் வைத்து, சாப்பாட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"படிக்கா பெயிண்ட்? மஞ்சக் கோட்டுக்கும் சேத்தா?" என்றார்.

"அதுக்கும் சேத்துத்தான், அண்ணி."

"நல்லா அடிம்மா. மங்கிப்போய்க் கெடந்துச்சு. பளிச்சுனு தெரியற மாதிரி அடி." என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "உன்ன மாதிரி யாரு பாத்துக்குவா, சொல்லு."

எனக்கு என்னவோ போல் இருந்தது. கையை விடுவித்துக்கொண்டு வந்து மூன்றாவது கோட்டிங்கை அடித்தேன்.

நான்காம் நாள் காலையில் கயிற்றை அவிழ்த்தேன். எங்கள் படிக்கட்டில் எட்டு மணிக்குமேல் பத்து நிமிடம்தான் நல்ல வெயில் விழும். நான் படம் எடுக்கப் போனைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். அண்ணி அறையிலிருந்து, "காஞ்சிடுச்சா?" என்றார். "காஞ்சிடுச்சு, வாங்க" என்றேன். காய்ந்துதான் இருந்தது.

மேலே வந்து நின்றார். கைப்பிடி வலப்பக்கம் இருக்க, இடப்பக்கம் துழாவினார். "மஞ்சளைக் காணோமே. தரை எங்க முடியுது, சொல்லேன்" என்றார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. பேசினால் கை ஆடும், படம் கலங்கிவிடும். அதனால் பதில் சொல்லவில்லை. அண்ணி கீழே வந்து விழுந்த பிறகு படிக்கட்டு காலியாக இருந்தது. வெயில் இன்னும் போகவில்லை. படம் எடுத்தேன்.

எட்டு ஒன்பதுக்குப் படம், எட்டு முப்பத்தொன்றுக்கு ஆம்புலன்ஸுக்குப் போன். கொஞ்சம் முன்னால் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கும். கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நடுவில் இருந்த இருபத்திரண்டு நிமிடம் என்ன செய்தாய் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். படத்தைப் போட்டேன். காலடியில் அண்ணி ஏதோ முனகிக்கொண்டிருந்தார், என்னவென்று பிடிபடவில்லை. அந்தப் பெண்ணுக்கு, 'நீங்கள் சொன்னது சரிதான், கோட்டை எடுத்துவிட்டேன்' என்று எழுதினேன். அவள் பார்த்துவிட்டு ஒரு இதயம் போடும்வரை காத்திருந்தேன். யார் என்ன குறை சொன்னாலும் காது கொடுத்துக் கேட்கிறவள் நான், சார்.