வெயிலில் கிடந்த மெத்தை

பஞ்சு மெத்தையை வாரம் ஒருமுறை வெயிலில் போட வேண்டும். போடாவிட்டால் கட்டி தட்டிக் கல்லாகிவிடும். இருபத்தாறு வருடமாக அதை நான்தான் செய்துவந்தேன். திங்கட்கிழமை காலையில் மொட்டைமாடிக்கு ஏற்றுவேன், மத்தியானம் புரட்டிப் போடுவேன், நாலு மணிக்கு இறக்கிவிடுவேன். அன்றைக்கு இறக்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். வயசாகிவிட்டது, மனைவி போன துக்கம், நீதிபதி நம்பிவிடுவார் என்கிறார். படித்தவர், சொல்லட்டும். என் வேலையில் நான் மறந்தேன் என்று நீங்கள் வாக்குமூலத்தில் எழுதினால் கையெழுத்துப் போடமாட்டேன். எழுதி முடித்ததும் காகிதத்தை என்னிடம் கொடுங்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனாலும் படித்துவிடுவேன்.

ஊரே கொண்டாடும் பெரிய பாட்டு நாடகங்களை எடுத்து, அதில் பூதத்தையும் பேசும் தவளையையும் நுழைத்துத் தலைகீழாக்கிச் சிரிக்கவைப்பதுதான் எங்கள் கம்பெனியின் பிழைப்பு. எழுதுவது, முன்னால் நின்று ஆடுவது எல்லாம் வாலு. அவனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கும். யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என் வேலை மேடைக்கு அடியில். மேடைத் தரையில் ஒரு கதவு உண்டு. அது திறந்தால் வாலு பன்னிரண்டடி கீழே, சிமெண்டுத் தரையில் விரித்திருக்கும் மெத்தையில் வந்து விழுவான். விழுவதற்கு முன்னால் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டுவான். மெத்தை போட்டிருந்தால் நான் கீழேயிருந்து கம்பால் மூன்று தட்டுத் தட்டித் தாழ்ப்பாளை இழுப்பேன். என் தட்டு கேட்காவிட்டால் விலகி நின்று இன்னொரு சரணம் பாடுவான். ஒருநாளும் குனிந்து பார்த்தவனில்லை.

எனக்குச் சிரிக்கத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். ராஜகுமாரியைப் பெண் பார்க்கப் பூதம் வரும் நாடகத்தில், தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

என் மனைவி நாலு மாசம் படுக்கையில் கிடந்தாள். செத்துப்போன ராணியை மீட்க ராஜா பாடிக்கொண்டே பாதாளத்துக்குப் போகும் நாடகம் ஒன்று உண்டு. அந்தப் பாட்டைத் தினமும் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து பாடினேன். பாடிப் பாடித்தான் அவளை நாலு மாசம் நிறுத்திவைத்தேன். அவள் போன பிறகு ஒருநாள் டீ குடிக்கும்போது இதை வாலுவிடம் சொன்னேன். யாரிடமும் எதையும் திறந்து சொல்கிற ஆள் இல்லை நான். கண் கலங்கக் கேட்டுக்கொண்டான்.

ஆறு மாசத்தில் நாடகம் வந்தது. ராஜாவுக்குப் பதிலாக நொண்டி மந்திரவாதியாக வாலு. நடை என் நடை, இருமல் என் இருமல். பாதாளத்தில் இறங்கிப் பாடுகிறான். அங்கே அவன் பெண்டாட்டியின் பேய் ஒரு பூதத்தின் தொந்தியில் தலைவைத்துத் தூங்குகிறது. ஒற்றைக் கண்ணைத் திறந்து, "போதும் சாமி. செத்த பெறகாவது நிம்மதியாத் தூங்க விடு" என்கிறது. பூதம் ஒரு கொட்டாவி விடுகிறது. அந்தக் காற்றில் மந்திரவாதி தரைக்கதவு வழியாக இன்னும் கீழே போய்விடுகிறான். அறுநூறு பேர் சிரித்த சிரிப்பில் பலகை அதிர்ந்து தூசியெல்லாம் என் தலையில் கொட்டியது.

கம்பெனிக்கு உடுப்புத் தைக்கிறவள் என் மகள். மந்திரவாதியின் சட்டையை என் பழைய சட்டை அளவுக்குத்தான் வெட்டியிருந்தாள்.

"அதுல என்னப்பா இருக்கு? அம்மா இருந்திருந்தா மொதல்ல அவதான் சிரிச்சிருப்பா" என்றாள்.

வாலுவிடம் போய், பேய் பேசும் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன்.

"அண்ணே, கொட்டகையே அந்த வரிலதான் குலுங்குது. அத எடுத்தா நாடகம் நொண்டும்ணே." என் காலைப் பார்த்துவிட்டு, "சும்மா பேச்சுக்குச் சொன்னேன், கோச்சுக்காதீங்க" என்றான்.

கேலி பண்ணியதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நடையை எடுத்துக்கொள்ளட்டும், இருமலை எடுத்துக்கொள்ளட்டும். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் நான் பாடிக்கொண்டிருந்தபோது, என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "போதுங்க. கொஞ்சம் நிம்மதியாத் தூங்க விடுங்க" என்றாள். காய்ச்சலில் உளறியது. நான் பாட்டை நிறுத்தவில்லை, நிறுத்தினால் போய்விடுவாள். அறையில் வேறு யாரும் இல்லை. நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. பிறகு அவனுக்கு எப்படித் தெரியும்? பார்க்க வரும்போதெல்லாம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவளைச் சிரிக்கவைத்தவன் அவன். நான் மருந்து வாங்கப் போயிருப்பேன். என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேரும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை ஆட்டத்தில் குதிகால் இரண்டு முறை தட்டியது. வெறும் சிமெண்டைப் பார்த்தேன். மூன்று தட்டுத் தட்டினேன். இழுத்தேன். மேலே சனங்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள். கதவை ஏற்றித் தாழ் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே... மெத்த..."

"மாடில காயுது. அந்த வரிய ஒனக்கு யாரு சொன்னா?"

"எந்த வரி?"

சொன்னேன்.

"யாரும் சொல்லலண்ணே. எல்லா வீட்லயும் சொல்றதுதான... எம் பொண்டாட்டியும்..."

அதற்குமேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை. மேலே பாட்டு முடிகிற வரைக்கும் இருந்து, இன்னும் இரண்டு தடவை கேட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் உடனே ஆளைக் கூப்பிட்டிருப்பேன். சாகும்போதுகூடப் பொய் சொல்கிறவனுக்கு நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.