மெடிக்கல் போர்டு முன்னாடி ஹவில்தார் கிட்டு

ஹலோ... ஹலோ, வில்பிரட் சாப்? ஜெய் ஹிந்த் சாப், ஹவில்தார் கிட்டு பேசறேன், சேலையூர்லேர்ந்து... ஆமா ஆமா, மெடிக்கல் போர்டு ரிசல்ட் வந்துடுச்சு... என்னத்த கங்கிராட்ஸ்! முதல்ல கேளுங்க சாப்!

நாம என்ன எதிர்பார்த்தோம்? பி.டி.எஸ்.டி... கரெக்ட். காஷ்மீர்ல வண்டிக்கடியில குண்டு வெடிச்ச அதிர்ச்சி இன்னும் உள்ள கெடக்குன்னு. அவங்க என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? டிப்ரஷன்! வெறும் டிப்ரஷன்! அதுவும் சர்வீஸால வந்தது இல்லையாம். அதனால ஊன பென்ஷன் கிடையாதாம்...

எப்படி பொறுமையா இருக்கறது? என் மச்சினன் பொண்ணு ஓவியா, பொத்தேரி ஹாஸ்டல்ல இருக்கா இல்ல, அவளுக்கும் டிப்ரஷன். அரியர் வச்சதுல வந்தது. எனக்கும் அவளுக்கும் ஒரே வியாதியா சாப்?

கனவா?... இல்ல, டாக்டர்கிட்ட சொல்லல... அதையும் சொல்லல... சாப், சொல்றதுக்குத்தான் போனேன்! ஒண்ணு விடாம சொல்லுன்னு நீங்க படிச்சு படிச்சு சொன்னீங்க. காலையிலேயே ஷேவ் பண்ணி, ஷூ பாலிஷ் போட்டு, மெடல் எல்லாம் குத்திக்கிட்டு... ஏனா? போர்டு சாப்! லுங்கியிலயா போவாங்க?... உள்ள போனா டாக்டர் யூனிஃபார்ம்ல உக்காந்திருக்கார். லெப்டினன்ட் கர்னல். அவ்ளோதான், கால் ரெண்டும் தானா அட்டென்ஷன்ல ஒட்டிக்கிச்சு. "தூக்கம் எப்படி?"ன்னார். "ஃபர்ஸ்ட் கிளாஸ், சார்!" "பயம் ஏதாவது?" "நோ, சார்!" "கெட்ட கனவு?" "நெவர், சார்!"... சிரிக்காதீங்க சாப். கர்னல் கேட்டா வேற பதில் என் வாய்ல வராது.

அப்பறம் வெளிய உக்காந்திருந்த சுந்தரிய கூப்பிட்டார். என் பொண்டாட்டியப் பத்திதான் உங்களுக்குத் தெரியுமே. "யார்கிட்டயும் பேசறதில்ல, சோறு இறங்கறதில்ல, பகல் முழுக்க சுவத்தப் பாத்து படுத்திருக்கார், அனகாபுத்தூர்ல சொந்தத் தங்கச்சி கிரகப்பிரவேசத்துக்கே வரல"ன்னு ஒரே மூச்சுல...

ஒரு நிமிஷம் சாப்... ஏய், உன்ன குத்தம் சொல்லலடி! நடந்தத சொல்றேன்... "நான் என்ன பொய்யா சொன்னேன்"னு கேக்கறா சாப். பொய் இல்ல. காஷ்மீர் பத்தி ஒரு வார்த்தை சேத்து சொல்லியிருக்கலாம்ல?... ஆமா... ஆமா, அவளுக்கு எப்படித் தெரியும்... இல்ல சாப், நான் சொன்னதில்ல... அங்க பனி நல்லா இருக்கும், ஆப்பிள் நல்லா இருக்கும்னு சொல்லியிருக்கேன்.

அப்பீலா? போடலாம். நீங்களும்தான் அந்த வண்டில இருந்தீங்க, நீங்க எழுதுங்க, நான் கையெழுத்து போடறேன்... நானே வாயால சொல்லணுமா?... ஒத்திகையா? போன்லயா? சரி, நீங்கதான் கர்னல். கேளுங்க... இல்ல சாப், அட்டென்ஷன்ல நிக்கல... சுந்தரி, நீ சும்மா இரு!... சரி, உக்காந்துட்டேன்... சத்தமா? சத்தம் கேட்டா... குனிஞ்சுடறேன் சார். போன வாரம் கேம்ப் ரோட்டுல லாரி டயர் வெடிச்சுது. நான் பூக்காரம்மா கூடைக்குப் பின்னாடி குப்புறப் படுத்துட்டேன் சார். அந்தம்மா கொழுந்தன்கிட்ட சொல்லி, குடிச்சிருக்கேன்னு ஆட்டோல ஏத்தி அனுப்பிட்டாங்க சார்... ஓகேவா சாப்?... இத சொன்னா ஆபிசர் சிரிக்க மாட்டாரா?... சரி.

ஆனா ஒண்ணு. அந்த டிப்ரஷன்ங்கற பேர அடிச்சே ஆகணும். குண்டு வெடிச்சு வந்த வியாதின்னா ஒரு மரியாதை. இது என்ன, சும்மா மூஞ்சிய தொங்கப்போட்டுக்கிட்டு உக்காந்திருக்கற வியாதி... நம்ம முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துல தெரிஞ்சா என்ன நினைப்பாங்க? நீங்களே என்ன நினைப்பீங்க?

...என்ன சாப்?... யாருக்கு?... உங்களுக்கும் டிப்ரஷனா?... விளையாடாதீங்க சாப். சங்கத் தலைவர் நீங்க, மைக் பிடிச்சா ஊரே சிரிக்கும்... மாத்திரையா? டெய்லியா?... வீட்ல ஜெயசீலி அக்காவுக்குத் தெரியுமா?... தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துல எத்தனை டீ குடிச்சிருக்கோம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே... ஆமா. நானும்தான் சொல்லல. ஆமா சாப்.

...ம்... ம்... அப்போ டாக்டர் எழுதின வியாதி சரிதான். எங்கேர்ந்து வந்ததுன்னுதான் நான் சொல்லாம விட்டுட்டேன்... கஷ்டமா இருக்கு சாப். ரொம்பக் கஷ்டமா இருக்கு.

...பாலு. ஆமா. அன்னிக்கு வண்டில என் பக்கத்துலதான் உக்காந்திருந்தான். நான் ஒரு ஜோக் சொன்னேன், சிரிக்க ஆரம்பிச்சான்... சிரிச்சு முடிக்கல சாப். அதுக்கப்பறம் யார்கிட்ட வாயத் தொறந்தாலும் எனக்கு அவன் மூஞ்சிதான் வருது. அதான் பேசறதில்ல.

...இருக்கேன் சாப். லைன்லதான் இருக்கேன்... இல்ல, சுந்தரி பக்கத்துல வந்து நிக்கறா... எல்லாத்தையும் கேட்டுட்டா... திட்டல சாப். அது என்ன ஜோக்குன்னு கேக்கறா.

...சரி சாப். ஆமா, ஆமா. அப்பீல் பத்தி நாளைக்குப் பேசலாம். வைக்கறேன்... உக்காரு சுந்தரி. முன்னாடியே சொல்லிடறேன், ரொம்ப மட்டமான ஜோக்.