மூன்று நாள் பொறுக்கச் சொன்னவள்

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குப் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பல்கலைக்கழகக் கம்பஸில் மாஸ்டர்ஸ் படிப்பவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. ஏறாவூர் தாண்டியதும் சன்னலோரம் இருந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

“எங்கட நெல்லெல்லாம் முளைச்சதுக்கு என்ட ஆராய்ச்சிதான் காரணம் புள்ள.”

“மழை பெஞ்சதுக்கு நீ என்ன செய்வாய்?”

“வெட்டின அண்டே அப்பா லொறி பிடிச்சிட்டார். நான்தான் மறிச்சன். மூணு நாள் பொறுத்தா வவுணதீவில நாலு பேர்ட நெல்லையும் ஒரே லொறியில ஏத்தலாம், விநியோகச் சங்கிலி எண்டு நான் படிக்கிறது அதுதான் எண்டு படம் கீறிக் காட்டினன். அப்பா லொறியைத் திருப்பி அனுப்பிட்டார்.”

“பிறகு?”

“ரெண்டாம் நாள் ரோட்டு வெள்ளத்துக்குள்ள போயிற்று. மூட்டையெல்லாம் வயல் வட்டைக்குள்ளயே கிடந்து முளைச்சிற்று. மற்ற மூணு பேரும் அப்பாட சொல்லைக் கேட்டு நிண்டவங்க.”

“உன்ட ஆராய்ச்சிக்குப் பொறுப்பான சேர் என்ன சொன்னார்?”

“அதையும் ஒரு அத்தியாயமா எழுதச் சொல்றார்.”

“அப்பா ஏசினாரா?”

“ஏசினாப் பரவாயில்லையே. படிச்ச புள்ள சொல்லுது எண்டு நம்பிற்றன் எண்டு மட்டும் சொன்னார். இப்ப நான் வீட்டுக்குள்ள வந்தா அவர் எழும்பி வெளியில போயிர்றார்.”

மற்றவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்தாறுமூலையில் நடத்துனர் கம்பஸ் என்று கூப்பிட்டார்.

“வா, இறங்குவம்.”

“நீ போ. நான் இன்னும் கொஞ்சம் தூரம் போறன்.”

எங்கே என்று கேட்க மற்றவளுக்கு நேரமிருக்கவில்லை. அவள் இறங்கியதும் பேருந்து புறப்பட்டுவிட்டது.