கோட்டில் விழுந்த பள்ளம்

சன்னலைக் கொஞ்சம் திறந்துவிடலாமா, ஐயா? எனக்கு நாற்றம் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

என் வேலை கணக்கு. வெயிலும் அழுக்குத் தண்ணீரும் உடம்பைத் தளர்த்தும்போது நோய் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று முன்கூட்டியே கோடு போட்டுக் காட்டுவேன். கோடு எங்கே செங்குத்தாக ஏறுகிறதோ, அங்கே சுகாதாரத் துறை நல்ல தண்ணீர் லாரியை அனுப்பும்.

லாரி போனால் நோய் தணிந்துவிடும். பிறகு என் கோடு சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? யாரும் உதவாத ஓர் இடம் வேண்டியிருந்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த குடியிருப்பைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே ஆபத்து குறைவு என்று மேலதிகாரிகளிடம் சொன்னேன். லாரி வரவில்லை.

வாராவாரம் நானே போய்ப் பார்த்தேன். கொழுப்பும் மயிரும் மிதக்கும் சாக்கடை, குழாயடி வரை வழிந்திருக்கும். பிள்ளைகள் வாந்தி எடுத்த இடத்திலேயே ஈ மொய்க்கக் கிடப்பார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்களை எண்ணுவேன். வீட்டுக்கு வந்து எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. "என்னங்க, தோலையே உரிச்சுப்பீங்க போலிருக்கே" என்பாள் மனைவி.

எல்லாம் கோட்டின்படியே நடந்தது. திடீரென்று ஒரு பள்ளம். நோயாளிகள் குறைந்துவிட்டார்கள். கணக்கில் பிழையில்லை. நேரில் போனேன். அந்தப் பகுதி நர்சம்மா, உடைந்த மரப்பெட்டிகளை எரித்து அண்டாவில் தண்ணீர் காய்ச்சி, வீடு வீடாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க, கோடு போடுற சார்! சும்மா நிக்காம அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க."

"இது உங்க வேலை இல்லையேம்மா."

"தண்ணி சுட வைக்கிறதுக்குமா ஆர்டர் வாங்கணும்? நல்லாயிருக்கே!"

பிடித்தேன். மூக்கொழுகிய குழந்தை ஒன்று என் கால்சட்டையைப் பற்றி, "மாமா, எனக்கு" என்றது. ஆற்றி ஒரு டம்ளர் நானே கொடுத்தேன். நான் இரக்கமில்லாதவன் அல்ல.

மறுநாள் நர்சம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக் கொடுத்தேன். பதவி உயர்வோடுதான். அடுப்பு அணைந்தது. கோடு மறுபடி ஏறி, நான் போட்ட இடத்திலேயே போய் முடிந்தது. என்னிடம் டம்ளரில் வாங்கிக் குடித்த குழந்தையும் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

அந்தப் பிள்ளைகளுக்காக ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்டீர்கள். தினமும் மனமுருகப் பிரார்த்தித்தேன், ஐயா. அதனால் கணக்கு கெடாது என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான்.