வெளிய மூணு, உள்ள ரெண்டு

அன்னைக்கு காலைல ஏழு மணிக்கு வந்துதுங்க. மூணு ஜோடி ஜன்னல் கதவு. வண்டில போட்டு எடுத்தாந்தவன் பேரு ஆஞ்சப்பன், நம்மூரு ஆசாரி. பெங்களூரு தண்டுல, அதாங்க கண்டோன்மென்ட்டுல, வெள்ளைக்காரன் இருந்த பங்களாவ இடிச்சி ஏலம் போட்டாங்க, அங்க எடுத்தது. தட்டிப் பாருங்க, தேக்குதான். இந்தப் பேரிகை ஊர்லயே பச்சை ஜன்னல் கதவு வெச்ச ஊடு இது ஒண்ணுதான். ஓசூர்ல நீங்க கட்டற ஊட்டுக்கு எடுப்பாத்தான் இருக்கும். குடுக்கறதப் பத்தி அப்புறம் பேசலாம், உக்காருங்க.

ஜன்னலுக்கு ஒரு சாண் கீழ மாட்டியிருக்குதேன்னு பாக்கறீங்களா? நல்ல கண்ணுங்க உங்களுக்கு.

அம்பத்தாறுல எம் பொண்ணு காவேரிய பாக்க ஜூஜுவாடில இருந்து வர்றதா சொல்லி அனுப்பிச்சாங்க. தூரத்து எடம், நம்ம சங்கதி தெரியாது. அதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் வாசல்ல நின்னு செவுத்த பாத்துட்டு தண்ணி கூட குடிக்காம போனவங்கதான். எந்தச் செவுரா? இதோ, மூணாவது ஜோடி இருக்குதே, அதுக்குப் பின்னால.

எம் பையன் கிருஷ்ணப்பன் அம்பத்தஞ்சு தைல போனான். நாலு நாள் காய்ச்சல். போனது அவிட்டத்துல. உங்க பக்கம் இந்தப் பழக்கம் இல்லியா? அடைப்புன்னு சொல்லுவோங்க. அந்த மாதிரி நட்சத்திரத்துல உசுரு போனா தலைவாசல் வழியா எடுக்கக் கூடாது. செவுத்த ஒடச்சி, அது வழியாத்தான் எடுக்கணும். அப்புறம் ஆறு மாசம் ஊட்டப் பூட்டிட்டு மாட்டுக் கொட்டாய்ல கெடந்தோம். அடைப்பு விழுந்த ஊட்டுல இன்னொண்ணு போவும்னு பேசிக்குவாங்க. எவன் வந்து பொண்ணு எடுப்பான்?

ஓட்டைய அடச்சி மூணு தடவ பூசினேன். மூணு தடவ சுண்ணாம்பு அடிச்சேன். ஒரு மழை பேஞ்சா போதும், அடச்ச எடம் மட்டும் கருப்பா எந்திரிச்சி நிக்கும்.

அதுக்குத்தான் கதவு. ஆஞ்சப்பன் கிட்ட அழகுக்குன்னு சொன்னேன். பையன எடுத்த அன்னைக்கு கடப்பாரை புடிச்சி ஒடச்சவனே அவன்தான். பென்சில காதுல சொருவிக்கினு வாசல்ல நின்னு பாத்தான். ரெண்டு ஜோடி இருக்கற ரெண்டு ஜன்னலுக்கு, அதுல பேச்சே இல்ல. மூணாவத எங்க வெக்கறதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. மச்சான் வெங்கடப்பன் வந்து, கொட்டாய்க்கு வெய்யி மாமா, மாடாச்சும் தொரை மாதிரி இருக்கட்டும்னான். காவேரி சிரிச்சா. அண்ணன் போனப்புறம் அவ சிரிச்சி அன்னைக்குத்தான் பாத்தேன்.

மத்த ரெண்டுக்கும் மட்டமா வெச்சா தழும்பு கீழ எட்டிப் பாக்குது. தழும்ப மறைச்சா இது மட்டும் எறங்கிப் போவுது. கடைசில ஆஞ்சப்பன்தான், மூணையுமே ஒரு சாண் எறக்கிடலாம்னான். எறக்கிட்டோம்.

இன்னொரு யோசனையும் சொன்னான் அவன். அந்த எடத்துல நெசமாவே ஒரு ஜன்னல் வெச்சிடலாம், ஒரு நாள் வேலைன்னான். எம் பொண்டாட்டி சென்னம்மா ஒத்துக்கல. அடச்சத தொறந்தா இன்னொரு ஆள கேக்கும்னா. எனக்கும் பயந்தான். சாத்தினாப்ல வெச்சி ஆணி அடிச்சாச்சி.

வந்தாங்க. பையனோட அம்மா லட்சுமியம்மாள் வாசல்லயே நின்னு, பங்களா மாதிரி இருக்குதுன்னாங்க. உள்ள வந்து காவேரிய பக்கத்துல உக்கார வெச்சி, அவ கைய எடுத்து மடில வெச்சிக்கினாங்க. சென்னம்மா வெத்தலைத் தட்டு எடுத்தாற உள்ள போனா. சித்திரை வெயிலுங்க. புழுங்குதுன்னு முந்தானைல விசிறிக்கினே அந்தம்மா சுத்தி சுத்திப் பாத்தாங்க. வெளிய மூணு ஜன்னல் பாத்தேன், உள்ள ரெண்டுதான இருக்குது, இன்னொண்ணு எங்கம்மான்னு காவேரியவே கேட்டுட்டாங்க.

நாங்க யாரும் உள்ள இருந்து யோசிக்கவே இல்லீங்க. அஞ்சு பேரு, நாலு நாளு, வாசல்ல நின்னே பாத்துக்கினு இருந்திருக்கோம்.

காவேரி பொய் சொல்லல. எங்கண்ணன எடுத்த எடம்னு சொன்னா. அந்தம்மா கைய விட்டுட்டாங்க. வெத்தலைத் தட்டு வர்றதுக்குள்ள வண்டி பூட்டிட்டாங்க.

இல்லீங்க, மூணாவது ஜோடிய மட்டும் கேக்காதீங்க. மத்த ரெண்டையும் எடுத்துக்கினு போங்க. அது இப்ப தொறக்கும். உள்ள வந்து எண்ணிப் பாருங்களேன், வெளிய மூணு, உள்ளயும் மூணு. அடுத்த வருசம் ஆஞ்சப்பன்தான் சட்டம் வெச்சி மாட்டினான். ஒடச்சது ஒடச்சபடி இருக்கட்டும், இன்னொரு தடவ பூச வேணாம்னு சொல்லிட்டேன்.

மறுபடி ஒடச்சது அம்பத்தேழு, ஆவணி இருபத்துமூணு, ஞாயித்துக்கிழமை. அதுவும் அடைப்பு, சதயம். காவேரியயும் அது வழியாத்தான் எடுத்தோம்.