மெஷின் தையல் பிரியாது என்று சொன்னவரைப் பற்றி

நான் கண்டதையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவு செய்கிறேன். வயது பதினான்கு, ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் என்னைப் புத்தகப்பூச்சி என்பார்கள். தையல் கடைக்கு மேல்மாடியில் அம்மாவுடனும், அம்மாவை இரண்டாவதாக மணந்த சித்தப்பாவுடனும் வசிக்கிறேன். கடை சித்தப்பாவுடையது.

என்னைப் பெற்றபோது உயிர் பிழைத்ததே பெரிது என்பதால் அம்மா அப்போதே கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டார். தனக்கென்று ஒரு பிள்ளை வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதம் பிடித்ததால், எட்டு மாதங்களுக்கு முன் ரோபோ உதவியுடன் கருக்குழாய்களை மறுபடி இணைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கொடுத்த தாளை நான்தான் உரக்கப் படித்தேன். மாதவிலக்கு தள்ளிப்போனால் ஒரு வாரத்துக்குள் ஸ்கேன் எடுக்க வேண்டும், கரு குழாயிலேயே தங்கிவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று இருந்தது. சித்தப்பா அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு சென்ற மாதம் அம்மாவுக்குப் பன்னிரண்டு நாள் தள்ளிப்போய், வீட்டுச் சோதனையில் இரண்டு கோடு வந்தது. ஸ்கேனுக்குப் போகலாம் என்று நான் சொன்னதற்குச் சித்தப்பா, "கையால தச்சாதான்டி பிரியும். இது மெஷின் தையல். முப்பது வருஷமா தைக்கிறவனுக்கு நீ பாடம் எடுக்கிறியா?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார், இடது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதன் பிறகு மூன்று நாள் வலியோடு பட்டன் தைத்து, செவ்வாய்க்கிழமை மாலை நாலரைக்கு இஸ்திரி மேசை அருகே மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸை நான் அழைத்தேன். குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்திருந்ததால் அந்தக் குழாயை அகற்றினார்கள். வெளியே வந்த டாக்டரம்மாவிடம் சித்தப்பா முதலில் கேட்டது, "இன்னொரு குழாய் நல்லாத்தானே இருக்கு?"

அதன் பிறகு சித்தப்பா, ஸ்கேன் பற்றி யாரும் சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரி மேல் புகார் கொடுத்துவிட்டு, படிக்கட்டில் என் கையை முறுக்கி, "தாளே குடுக்கலன்னு சொல்லு. ஒட்டிக்கிட்டு வந்தவ வாயைத் தச்சுக்கிட்டு இருக்கணும்" என்றார். அம்மாவும் கண் திறந்ததும், "எதுவும் சொல்லிடாதடி" என்றார். நான் சொல்கிறேன். சொல்லாவிட்டால் மிச்சமிருக்கும் குழாயையும் நம்பி அம்மாவை அதே வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அந்தத் தாளைக் கடையில் அளவுச்சீட்டுகளைக் குத்திவைக்கும் கம்பியிலிருந்து எடுத்து ஒப்படைக்கிறேன். பின்பக்கத்தில் ஒரு சட்டை அளவு சித்தப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது: மார்பு நாற்பது, கை இருபத்துநாலு.

புகாரை விசாரிக்க வந்த பெண் அதிகாரி எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. கையெழுத்திட்டேன். வேறு இடம் கிடைக்காததால் இது ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் பதிவானது. வாசலில் அடுத்த பெண் காத்திருந்ததால் எழுந்துகொண்டோம். ஸ்கேன் எடுக்க அவரைப் படுக்கவைத்து விளக்குகளை அணைத்தார்கள்.